கணவர் விசாவில் ஜெர்மனி: உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?

கேள்வி: மதுரையில் பி.காம் முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவர் ஐடி, ப்ளூ கார்டு (உயர்தகுதி வேலைக்கான குடியிருப்பு அனுமதி). பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆப் வைத்து ஜெர்மன் படிக்கிறேன், வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு மன உறுதி போதாதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

மன உறுதியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஒரு கணக்கு எடுங்கள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சிம், மின்சாரம், இன்சூரன்ஸ், இவற்றில் எத்தனை உங்கள் பெயரில் இருக்கின்றன? கணவர் விசாவில் வரும் பெண்களில் பலருக்குக் குடியிருப்பு அட்டையும் நகராட்சிப் பதிவுச் சீட்டும் தவிர வேறொன்றும் இருக்காது. கணவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவர் முதலில் வந்தார், எல்லாவற்றையும் தன் பெயரில் போட்டார், அப்படியே நின்றுவிட்டது. ஆனால் ஜெர்மனியில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி அவள் பெயருக்கு வரும் கடிதம்தான். ‘ஒட்டவில்லை’ என்று சொல்லும் பலருடைய சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது, மனசில் அல்ல.

ஆகவே இன்றைக்கே கீழே இறங்கிப் போய்க் கடிதப்பெட்டியைப் பாருங்கள். அதில் கணவர் பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கிறதா? தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. இங்கே அடுக்கக வீடுகளுக்குத் தனி எண்ணே பெரும்பாலும் கிடையாது. பெட்டியிலுள்ள பெயர்தான் முகவரி. உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகும். பதிவு செய்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வந்திருக்க வேண்டும். ‘எனக்கு வரவே இல்லை’ என்பவர்களின் கதை பல நேரம் இந்தப் பெட்டியில்தான் முடிகிறது. வரி எண் இல்லாமல் வேலையில் சேர்ந்தால் சம்பளத்தில் அதிக வரி பிடிப்பார்கள். கட்டட நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை ஒரு காகிதத்தில் எழுதி டேப் ஒட்டினாலும் போதும்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து நிற்கும். நகராட்சியில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டு அட்டையில் இன்னொரு மாதிரி என்று போய்விட்டால் பிறகு ஒவ்வொரு விண்ணப்பமும் இழுக்கும். குடியிருப்பு அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். கணவர் பெயரைச் செல்லமாகப் பின்னால் சேர்க்க வேண்டாம்.

வருகிற கடிதங்களில் இரண்டு வகையைத் தெரிந்து வைத்திருங்கள். ஒன்று, ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதம். நீங்கள் டிவி பார்க்கிறீர்களா இல்லையா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். கணவர் கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் முடிந்தது. பதில் போடாமல் விட்டால் உங்கள் பெயரில் தனிக் கணக்கு திறந்து பாக்கி ஏறும். இன்னொன்று மஞ்சள் உறை, நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி அனுப்பும் கடிதம். அதன் மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார். பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்து கெடு ஓட ஆரம்பிக்கும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

இவற்றோடு உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் ஒரு சிம். பாஸ்போர்ட் உங்கள் அலமாரியில்.

குடியிருப்பு அட்டையையும், அதோடு தந்த பச்சைத் தாள் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். ‘எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாவ்ப்ட்’ என்று இருக்கும். எந்த வேலையும் செய்யலாம், தனித் தொழிலும் செய்யலாம் என்று அர்த்தம். ‘டிபெண்டன்ட் விசாவில் வேலை செய்ய முடியாது’ என்பது வேறு நாட்டுக் கதை; வாட்ஸப்பில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தது மொழி. எட்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அதனால் இந்தப் பதிலில் அவசரமான பகுதி இதுதான். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு விசாவுக்கு ஏ1 எனும் அடிப்படை ஜெர்மன் தேர்வு தேவையில்லை. இதைச் சலுகை என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். ஏ1 எழுதிவிட்டு வரும் பெண் இறங்கிய அன்றே ரொட்டிக் கடையில் நாலு வார்த்தை பேசிவிடுவாள்; சலுகையில் வந்தவர் ஆறு மாதம் கழித்தும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். போகட்டும். குடும்பத்தோடு சேர வந்தவர்களுக்கு அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேரும் உரிமை உண்டு. ஆனால் அட்டை கொடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டில் அந்த உரிமை காலாவதியாகிவிடும். உங்களுக்கு இன்னும் சில மாதங்களே பாக்கி. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இன்றே எழுதி, ‘பெரெஷ்டிகுங்ஸ்ஷைன்’ என்ற அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். போனில் கேட்டால் ஆதாரம் இருக்காது, எழுத்தில் கேளுங்கள். பட்டதாரிக்கு இந்த வகுப்பின் தேவை குறைவு என்று சொல்லி மறுக்கவும் விதி இடம் தருகிறது. மறுத்தால் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனும் நகர மக்கள் கல்விக் கூடத்தில் சொந்தக் காசில் சேருங்கள். தரம் குறையாது.

வகுப்பு 45 நிமிடப் பாடவேளைகளில் 600 மொழிக்கு, 100 நாட்டின் வரலாறு, சட்டம், வாழ்க்கை முறைக்கு. நீங்கள் கட்ட வேண்டியது பாடவேளைக்கு 2.29 யூரோ. 700க்கும் சேர்த்து 1,603 யூரோ. முழுநேர வகுப்பு என்றால் ஏழெட்டு மாதத்தில் பி1 எனும் இடைநிலைத் தேர்வுக்கு வந்துவிடலாம். நாட்டைப் பற்றிய தேர்வில் 33 கேள்விகள். எல்லாம் முன்கூட்டியே வெளியிடப்பட்ட 310 கேள்விகளிலிருந்துதான் வரும். 15 சரியானால் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி, 17 சரியானால் பின்னால் குடியுரிமைக்கும் அதுவே செல்லும். ஆகவே 15 போதும் என்று நின்றுவிடாதீர்கள்.

ஆப்பில் வாய் வராதது உங்கள் குறை இல்லை. ஆப் உங்களை அடையாளம் காணத்தான் பழக்குகிறது. நாலு விடையில் ஒன்றைத் தொடுவதற்கு வாய் எதற்கு? வகுப்பில் ஒரு சிரியாக்காரர், ஓர் உக்ரைன் அம்மா, ஒரு துருக்கிப் பெண் இருப்பார்கள். உங்களுக்குள் பொதுவான ஒரே மொழி அரைகுறை ஜெர்மன். அதுதான் வாயைத் திறக்க வைக்கும். இந்தியர்கள் கும்பலாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் கிசுகிசுக்கும் மூலைக்கு மட்டும் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம், பாடநூல்களில் யாரும் சொல்லாதது: ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். ‘எனக்குக் குளிருது’ என்று நாம் சொல்வதை ஜெர்மன்காரரும் ‘எனக்கு’ போட்டுத்தான் சொல்கிறார்: ‘மியர் இஸ்ட் கால்ட்’. ஆங்கிலத்தை மனதில் வைத்து ‘இஷ் பின் கால்ட்’ என்றால், ‘நான் ஈவிரக்கமில்லாதவள்’ என்கிற மாதிரி ஆகிவிடும். எனக்குப் பிடிக்கும், எனக்கு ருசிக்கிறது, எனக்குச் சொந்தம், உனக்கு உதவுகிறேன், இவை அத்தனையிலும் நாம் ‘கு’ போடும் இடத்தில் அவர்கள் டாட்டிவ் போடுகிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இந்த வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வார். நமக்கு அது நாலாம் வேற்றுமை, அவ்வளவுதான். எல்லா வினைக்கும் இது பொருந்தாது, ஆனால் தினசரிப் பேச்சில் வருவதில் பெரும்பகுதி ஓடிவிடும்.

‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் என்று ஆசிரியர் சொல்லும்போது வகுப்பில் பாதிப் பேர் முழிப்பார்கள். நாம் பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில்தான் வைக்கிறோம். ‘நீங்கள்–நீ’ பேதமும் அப்படியே ‘ஸீ–டூ’. நமக்கு இடறும் இடம் பால். உயிரில்லாத மேஜையை ஆண்பால் என்பதும், சிறுமியை ‘தஸ் மேட்ஷென்’ என்று அஃறிணை ஆக்குவதும் தமிழ்க் காதுக்கு அநியாயம்தான். அதற்கு வழியில்லை, சொல்லைப் படிக்கும்போதே டெர், டீ, தஸ் சேர்த்தே படிக்க வேண்டும்.

மணி சொல்வதில்தான் பலரும் ஏமாறுவார்கள். ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்றால் அரை எட்டு. எட்டரை என்று நினைத்துப் போனால் மருத்துவரிடம் நேரம் போயிருக்கும், அது ஏழரை. உங்கள் ஊர் ஸ்வேபியப் பகுதி என்பதால் இன்னும் ஒரு படி மேலே: ‘ஃபியர்ட்டல் ஆஹ்ட்’ 7.15, ‘ட்ரைஃபியர்ட்டல் ஆஹ்ட்’ 7.45. எட்டாவது மணி நேரத்தில் கால் பங்கு ஓடியிருக்கிறது, முக்கால் பங்கு ஓடியிருக்கிறது என்று கணக்கு. சந்தேகமாக இருந்தால் எண்ணை எழுதிக் காட்டுங்கள். போன் எண்ணிலும் 53ஐ ‘மூன்றும் ஐம்பதும்’ என்று சொல்வார்கள், 35 என்று எழுதிவிடாதீர்கள்.

வேலைக்கு வருவோம். பி.காம் என்பதால் ஒரு நிம்மதி: நர்ஸ், டாக்டர், ஆசிரியர் போல உரிமம் வாங்கியே தீர வேண்டிய தொழில் இல்லை. உங்கள் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் சான்றிதழ் போதும். சுமார் 200 யூரோ. வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைச் சொல்லும் அனபின் தரவுத்தளத்தில் தேடும்போது கல்லூரிப் பெயரைத் தேடி ‘இல்லையே’ என்று பயப்படாதீர்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும்.

அதைவிட மதிப்பானது உங்கள் இரண்டு வருட அனுபவம். ஆனால் நம் ஊரில் கொடுக்கும் மூன்று வரி அனுபவச் சான்றிதழ் இங்கே பேசாது. என்னென்ன செய்தீர்கள் என்பது ஒவ்வொன்றாக இருக்க வேண்டும்: பில் பதிவு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி தாக்கல், எந்த மென்பொருள், எத்தனை வாடிக்கையாளர், எந்தத் தேதியிலிருந்து எதுவரை. பழைய அலுவலகத்துக்கு நீங்களே வாசகத்தை எழுதி அனுப்பி, லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்குங்கள். அங்கே இன்னும் உங்களைத் தெரிந்தவர் இருக்கும்போதே வாங்குங்கள்.

கணக்கு வேலைக்கு இங்கே பி1க்கு அடுத்த நிலையான பி2 ஜெர்மனும், டாட்டெவ் என்ற மென்பொருளும் கேட்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிந்தால், உதவித்தொகை எதுவும் கிடைக்காதவருக்கும் ஆலோசனை உண்டு. பயிற்சிக் கட்டணச் சீட்டும் கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பது அதிகாரி முடிவு. இன்னொரு பாதை வரி ஆலோசகர் அலுவலகங்களில் 3 வருட ஆவுஸ்பில்டுங். சம்பளத்தோடு படிப்பு, பட்டதாரிக்குக் காலத்தைக் குறைக்கவும் கேட்கலாம். ‘பி.காம் படித்துவிட்டு மறுபடி அப்ரண்டிஸா?’ என்று ஊரில் கேட்பார்கள். அவர்களுக்கு இந்த ஊர்ச் சந்தை தெரியாது. உள்ளூர்ச் சான்றிதழும் உள்ளூர் மொழியும் சேர்ந்தால் அந்தத் துறையில் ஆள் தட்டுப்பாடுதான்.

அதுவரை மினிஜாப் எனும் குறைந்த நேரச் சிறு வேலை. 2026இல் மாதம் 603 யூரோ வரை. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90, ஆக மாதம் 43 மணி நேரம். கணவர் அரசுக் காப்பீட்டில் இருந்தால் அவரோடு சேர்ந்த இலவசக் காப்பீடு இந்த அளவுக்குள் தொடரும். சேரும்போது நீட்டும் தாள்களில் ஒன்று ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் படிவம். கையெழுத்துப் போடாதீர்கள். மிச்சமாவது முழு 603க்கும் மாதம் 22 யூரோகூட இல்லை. இழப்பது உங்கள் பெயரில் ஏறும் ஓய்வூதிய மாதங்கள்.

முழு வேலை கிடைத்ததும் இன்னொரு பொறி இருக்கிறது. கணவர் வரி வகுப்பு 3, மனைவி 5 என்று இருந்தால், இருவருடைய வரிவிலக்கும் அவர் பக்கம் போய், உங்கள் சம்பளச் சீட்டு மெலிந்து தெரியும். ‘இதுக்கா காலையில ஆறு மணிக்கு ஓடுற?’ என்ற பேச்சு வீட்டில் கிளம்புவது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால் மொத்த வரி ஒன்றுதான். ஆனால் பிரசவகாலப் பெற்றோர் உதவித்தொகையும் வேலையிழப்பு உதவியும் உங்கள் கைக்கு வந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். இருவரும் வகுப்பு 4 என்று, 4–4க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குத் தம்பதியில் ஒருவர் விண்ணப்பித்தாலே போதும்.

மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்? ஸ்டுட்கார்ட்டில் இதற்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது, அதை எல்லோரும் திட்டுவார்கள்: கேர்வோஹெ, படிக்கட்டு பெருக்கும் முறை. உங்கள் கதவில் ஒரு சிறு பலகை தொங்கினால் அந்த வாரம் உங்கள் முறை. சிறிய முறை என்றால் உங்கள் தளத்துப் படிகள். பெரிய முறை என்றால் வாசல், நடைபாதை. பெரும்பாலும் கணவன்மார் சனிக்கிழமை இரவு அவசரமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு வருவார்கள். நீங்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாளியும் துடைப்பமுமாகப் போய் நில்லுங்கள். மேல் மாடிக் கிழவி இறங்கி வருவார், கைப்பிடியைத் துடைக்கவில்லை என்பார். கோபப்படாமல் எப்படித் துடைப்பது என்று கேளுங்கள். அந்த அம்மா பேசும் ‘இஸ்ட்’ எல்லாம் ‘இஷ்’ ஆகியிருக்கும், சொல்லுக்குச் சொல் ‘லெ’ ஒட்டியிருக்கும். நம் பாடநூல் தமிழுக்கும் மதுரைத் தமிழுக்கும் உள்ள தூரம்தான். வாசல் தெளித்துப் பழகிய கைக்கு இந்த வேலை கஷ்டமில்லை. பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டும்போது அழைப்பு மணி அடித்து ‘குரூஸ் காட்’ என்று வணக்கம் சொல்லுங்கள்.

தமிழர்களில், உங்கள் வயது ஐடி குடும்பங்களின் குழுவோடு நிற்காதீர்கள். 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து தஞ்சம் கேட்ட ஈழத்துக் குடும்பங்களின் அக்காமார் இந்த அமைப்பை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்கள். சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் தொடங்கி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கான காமாட்சி அம்பாள் கோயில் அந்தத் தலைமுறையின் உழைப்பு. எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கேட்பார்கள் என்று அவர்களிடம், அவர்கள் ‘டொச்’ என்று சொல்லும் ஜெர்மன் சொற்களோடு கேட்டுக்கொள்ளலாம். அலுவல் முறையில் என்றால் காரித்தாஸ், டியாகோனி, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்தும் குடியேறியோர் ஆலோசனை இலவசம். ஸ்டுட்கார்ட்டில் சார்லோட்டன்பிளாட்ஸில் வெல்கம் சென்டரும் இருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வியைப் படிக்கும் வேறு சிலருக்கு வேண்டியது: ‘என்னை விட்டுப் போனால் உன் விசா அன்றைக்கே முடிந்தது’ என்று ஒருவர் மிரட்டினால் அது அப்படியே உண்மை இல்லை. ஜெர்மனியில் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் பிரிந்த பிறகும் மனைவிக்குத் தனிக் குடியிருப்பு உரிமை உண்டு. குடியிருப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. வீட்டு வன்முறை போன்ற கடும் நிலையில் மூன்று ஆண்டுகூடத் தேவையில்லை. அடிபட்டால் மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். 116 016 என்ற பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், பல மொழிகளில் பேசுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 110. அடித்தவரை வீட்டை விட்டு வெளியேற்ற போலீஸுக்கு அதிகாரம் உண்டு.

கடைசியாக, மன உறுதி போதாதா என்ற கேள்வி. நீங்கள் வந்த எட்டு மாதத்தில் பேச ஆள் இல்லை, சம்பாத்தியம் இல்லை, உங்கள் பெயருக்குத் தபால்கூட இல்லை. அந்த நிலையில் யாரும் சோர்ந்துதான் போவார்கள். குளிர்காலமும் சேரும், டிசம்பரில் பகல் சுமார் 8 மணி நேரம்தான், அதிலும் மேகம். மதியம் 12 மணிக்கு அரை மணி நேரம் வெளியே நடப்பதை வகுப்பைப் போலவே கட்டாயமாக்குங்கள். வைட்டமின் டி அளவைக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் வாங்கிக் கண்டபடி விழுங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கான முதல் சந்திப்பை 116 117 எண்ணில் அழைத்தும் வாங்கலாம். போனில் நேரம் சொன்னால் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்றால் ஏழரை.